மனைய எவ்ளோ ஒசத்துறீங்கன்னு யாராவது கேக்குறாங்களா?

சென்னையில வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் போய்ப் பாருங்க, புது வீடெல்லாம் ரோட்டுக்கு மூணடி நாலடி மேல நிக்குது, பழைய வீட்டுக்குள்ள போக ரெண்டு படி எறங்கணும். 2015 டிசம்பர் வெள்ளத்துல பட்டவங்க ஏத்திக் கட்டுறத நான் தப்பே சொல்ல மாட்டேன். பேஸ்மென்ட்ட மட்டும் ஒசத்துனா பரவால்லங்க, காம்பவுண்டுக்குள்ள மொத்த மனையையும் லாரி லாரியா மண்ணும் ரப்பிஷும் கொட்டி ரொப்பி, சுத்தி சிமெண்ட் வேற பூசிடுறாங்களே, இத்தன வருஷம் அங்க ஊறுன தண்ணி இனிமே எங்க போகும்? பக்கத்து வீட்டு சம்புக்குத்தான்.

ப்ளான் அப்ரூவல்ல செட்பேக் (வீட்ட சுத்தி விடுற காலி இடம்), மாடி, பார்க்கிங், 2003லயே கட்டாயமாக்குன மழைநீர் சேகரிப்பு எல்லாம் பாக்குறாங்க. 2024ல இருந்து 2500 சதுர அடி மனை வரைக்கும் ஆன்லைன்ல சுயசான்று குடுத்தா உடனே அனுமதி, அலைச்சல் மிச்சம், நல்ல விஷயந்தான். ஆனா பக்கத்து மனை லெவலையும் இந்த மனை லெவலையும் சேத்து வச்சு யாரு பாக்குறா? சின்ன வீட்டுக்குக் கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டும் வேணாம், அதனால கட்டி முடிச்சப்புறமும் ஆள் வர மாட்டாங்க.

கூத்து என்னன்னா, ஏரி பக்கத்துல பெரிய லேஅவுட் போட்டா இந்த லெவலுக்கு மண்ணு போட்டு ஒசத்துன்னு அரசாங்கம் குடுக்குற என்ஓசியிலயே (தடையில்லாச் சான்று) கண்டிஷன் போடுறாங்க. புதுசா வர்றவங்க தப்பிச்சாங்க, முன்னாடியே இருக்குறவங்க கிண்ணத்துக்குள்ள.

ரோடும் சும்மா இல்ல. பழைய தார சுரண்டி எடுத்துட்டுதான் புது ரோடு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டாரு, உங்க தெருவுல சுரண்டுனாங்களான்னு நீங்களே சொல்லுங்க. வசதி இருக்குறவங்க ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குறாங்க (அதுக்குன்னே ஹரியானால இருந்து ஆளுங்க வர்றாங்க), இல்லாதவங்க வாசல்ல செங்கல் வச்சு அடைக்கிறாங்க.

கேஸ் போடலாமேன்னு கேப்பீங்க. மேட்டு நெலத்துல இருந்து இயற்கையா எறங்குற தண்ணிய பள்ளத்துக்காரங்க விட்டாகணும்னு 1882 ஈஸ்மென்ட் சட்டத்துலயே (அடுத்தவங்க நெலத்து மேல இருக்குற உரிமை பத்துன சட்டம்) இருக்கு. அந்த மேடே லாரியில வந்ததுங்க, ஆனா அத நிரூபிக்க பழைய லெவல் எங்கயாவது பதிவாகியிருக்கணுமே!

ப்ளான்ல ரெண்டே ரெண்டு எண் கேளுங்க, இப்ப மனை எந்த லெவல்ல இருக்கு, கட்டுனப்புறம் எந்த லெவல்ல இருக்கும். கடல்மட்டத்துல இருந்து கணக்கு வச்சு தெருவுக்கு ஒரு குறி போட்டுட்டா போதும், மனையோட நாலு மூலைய அளக்க சர்வேயருக்கு அரை நாள் கூட ஆகாது. மொத மண்ணு லாரி வர்றதுக்கு முன்னாடி அளக்கணும், அவ்ளோதான்.