மெதுவாகப் போவது போலே

கிளிமஞ்சாரோ மலையில் காலடி வைத்த நேரத்திலிருந்து இறங்கி வரும்வரை நம் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சுவாஹிலிச் சொல் ஒன்று உண்டு. ‘போலே போலே’, அதாவது மெதுவாக, மெதுவாக. வழிகாட்டி சொல்கிறார்; தலையில் மூட்டையுடன் நம்மைத் தாண்டிப் போகும் சுமைதூக்கிகள் சொல்கிறார்கள்; மோஷி நகரக் கடைகளில் பனியன்களில்கூட அச்சிட்டு விற்கிறார்கள். ஆறு நாளில் ஏறி இறங்கிவிட்டு வந்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: குழுப் பயணம் நடத்துகிறவர்களுக்கு இது சுவாஹிலிச் சொல்லே அல்ல, நம் தமிழ்ச் சொல். மெதுவாகப் போவது போலே, உடல் பழக அவகாசம் தருவது போலே, நம் உயிர்மேல் அக்கறை இருப்பது போலே.

என் கோபம் மலையின் மீது அல்ல. 5,895 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான் என்பது இயற்கை. அதனோடு யாரும் சண்டை போட முடியாது. கயிறும் பனிக்கோடரியும் இல்லாமல் நடந்தே உச்சிக்குப் போய்விடலாம் என்பதால், ‘யார் வேண்டுமானாலும் ஏறலாம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். கால்கள் ஏறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மெல்லிய காற்றுக்கு உடல் பழகுவது கால் பலத்தாலோ மன உறுதியாலோ நடக்கும் காரியம் அல்ல. அதற்கு நாள்கள் வேண்டும், குறிப்பாக இரவுகள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் படுத்து உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்று மலை மருத்துவம் தெரிந்தவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். நாங்கள் முதல் இரவு சுமார் 2,850 மீட்டரில் படுத்தோம். இரண்டாம் இரவே 3,800 மீட்டரைத் தாண்டிப் படுத்தோம்.

நாங்கள் போனது மச்சாமே வழி. அந்த வழியை ஏழு நாளிலும் போகலாம், ஆறு நாளிலும் போகலாம். ஏழு நாளை ஆறாக்கும்போது எந்த நாள் காணாமல் போகிறது என்று பணம் கட்டும் முன் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். காணாமல் போவது கரங்கா முகாமின் இரவு. ஏழு நாள் பயணத்தில் பராங்கோ முகாமிலிருந்து பாறைச் சுவரில் ஏறி, சுமார் 4,000 மீட்டரில் இருக்கும் கரங்காவில் நின்று, ஒரு முழு இரவு உறங்கி, மறுநாள் சில மணி நேரம் மட்டும் நடந்து நண்பகலையொட்டி பராஃபு முகாமை அடைந்து, பிற்பகல் முழுவதும் படுத்திருந்துவிட்டு நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்பலாம். ஆறு நாள் பயணத்தில் இந்த இரண்டு நாள் நடையையும் ஒன்றாகச் சுருட்டிவிடுகிறார்கள். காலையில் பராங்கோவில் தொடங்கி, மதியம் கரங்காவில் உணவை விழுங்கிவிட்டு, சுமார் 4,670 மீட்டரில் இருக்கும் பராஃபுவைப் பொழுது சாய்கிற நேரத்தில் அடைந்தோம். வாய்க்குப் பிடிக்காத கஞ்சியைக் குடித்து, உறக்கம் வராமல் மூன்று மணி நேரம் புரண்டு, இரவு பதினொரு மணிக்கு எழுந்து, அங்கிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஏறத் தொடங்கினோம். உச்சியைத் தொட்டுவிட்டு அதே நாளில் 2,800 மீட்டர் கீழே ம்வேகா முகாம் வரை இறங்கவும் வேண்டும். ஒரு நாளின் நடை முடியும் முன்பே அடுத்த நாளின் நடையைத் தொடங்க வைத்துவிட்டு, அதன் தலையில் நின்று ‘போலே போலே’ என்று பாடினால் அதை என்னவென்று சொல்வது?

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. மலை அடங்கிய தேசியப் பூங்காவுக்குக் கட்டும் கட்டணம் நாள் கணக்கு. நுழைவுக்கு 70 டாலர், முகாமில் ஓர் இரவு தங்க 50 டாலர், அதன் மேல் 18 சதவீத வரி. ஆகக் கரங்காவின் அந்த ஓர் இரவை நீக்கினால் ஆளுக்கு ஏறக்குறைய 140 டாலர் மிச்சம், சமையல் செலவும் ஆள்கூலியும் தனி. விமானச் சீட்டுக்கும் காலணிக்கும் இறகு மேலங்கிக்கும் லட்சங்களில் செலவழித்துவிட்டு வந்த எங்களிடம், இன்னும் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்தால் உச்சி பார்க்கும் வாய்ப்பு கூடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? சொல்ல மாட்டார்கள். ஒரு வார விடுப்புக்குள் அடங்கும் பயணம் என்றால்தான் விற்கும்.

அந்த அவசரத்தின் பாரம் முதலில் இறங்குவது சுமைதூக்கிகளின் தலையில். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, வாசலில் தராசும் இருக்கிறது. ஆனால் பராஃபுவில் தண்ணீர் கிடையாது. கரங்கா ஓடைதான் கடைசி நீர். எங்கள் தேநீருக்கும் கஞ்சிக்குமான தண்ணீரை அங்கிருந்து மொண்டு, எங்களுக்கு முன்னால் மேலே போய்க் கூடாரம் அடித்துக் காத்திருந்தவர்களும் அந்த இரட்டை நாளைத்தான் நடந்தார்கள். கடைசி நாளில் அவர்களுக்கான அன்பளிப்புத் தொகையைப் பிரிக்கும்போது, ஆளுக்கு இன்னும் பத்து டாலர் கூடுதலாகப் போடலாமா என்று எங்கள் குழு முக்கால் மணி நேரம் வாதிட்டது. அந்தக் கூத்தை இதற்கு மேல் எழுதினால் எனக்கே அவமானம்.

இதில் எங்கள் பங்கும் உண்டு. மாலைதோறும் சாப்பாட்டுக் கூடாரத்தில் வழிகாட்டி, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரோடு வந்து, தலைவலி உண்டா, குமட்டல் உண்டா, உறங்கினீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்துக்கொள்வார். பதினொரு பேரும் பள்ளிப் பிள்ளைகளைப் போல ‘ஒன்றும் இல்லை’ என்றோம். விரலை நீட்டும் முன் அரை நிமிடம் வேகமாக மூச்சு இழுத்து எண்ணை உயர்த்திக் காட்டும் வித்தையை ஒரு தம்பி எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் ஆள் போய்விடக்கூடிய இடத்தில், காய்ச்சலை மறைக்கத் தண்ணீர் குடித்துவிட்டு வெப்பமானியை வாயில் வைப்பது போன்ற விளையாட்டு.

எங்கள் குழுவில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் இருந்தார். ‘போலே போலே’ என்பதைச் சொன்னபடியே கேட்டவர் அவர் ஒருவர்தான். பேச முடிகிற அளவு மூச்சு இருக்கும் வேகத்தில்தான் நடப்பேன் என்று ஒரே சீராக நடந்தார். தலைவலி இல்லை, வாந்தி இல்லை, ஆனால் எப்போதும் அரை மணி நேரம் பின்னால் வந்தார். முதல் மூன்று நாளும் அவரைப் பற்றிய கேலிதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. உச்சிக்குப் போன இரவில், 5,000 மீட்டருக்கு மேல் எரிமலைச் சரளையில் ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும் இடத்தில், முன்னால் பாய்ந்துகொண்டிருந்த தம்பிகளில் இருவர் அடுத்தடுத்து விழுந்தார்கள். வாந்தி, தள்ளாட்டம், ஒருவருக்குப் பேச்சே குழறியது. இருவரையும் துணை வழிகாட்டிகள் தனித்தனியே கீழே அழைத்துப்போக வேண்டியிருந்தது. மிச்சமிருந்த ஒன்பது பேருக்கு இரண்டு வழிகாட்டிகள். அக்காவின் வேகத்துக்கு ஒருவரைத் தனியாக விட முடியாது என்று தலைமை வழிகாட்டி முடிவு செய்தார். குழுவின் வேகத்துக்கு வாருங்கள், இல்லையென்றால் இரண்டாம் தம்பியை இறக்கும் ஆளோடு இறங்கிவிடுங்கள் என்றார். நோயில்லாத ஒரே ஆள் நோயாளியோடு இறங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை; எனக்கும் உச்சி வேண்டியிருந்தது.

விடியலில் எரிமலை விளிம்பில் இருக்கும் ஸ்டெல்லா முனையைக் கடந்து உஹுரு உச்சியில் நின்றோம். உஹுரு என்றால் விடுதலை. 1889 இல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் முதன்முதலில் அங்கே நின்றபோது மேயருக்கு அது மூன்றாம் முயற்சி. எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பலகையின் முன் வரிசை, படம், ‘ஜரகண்டி’ என்று சொல்லாத குறையாகத் தோளில் ஒரு தட்டு. ஓர் எரிமலையின் விளிம்பில் நிற்கிறோம், உள்ளே சற்றுத் தள்ளி ரொய்ஷ் எரிமலைவாயும் அதன் நடுவே சாம்பல் குழியும் இருக்கின்றன என்பதைத் திரும்பிப் பார்க்கக்கூட எவருக்கும் நேரம் இல்லை, தெம்பும் இல்லை.

ம்வேகா வாசலில் உச்சியை அடைந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஸ்டெல்லா முனைவரை வந்திருந்தால்கூட ஒன்று உண்டு. அக்காவுக்கு அதுவும் இல்லை. அவர் எங்கள் எல்லோரையும் வாழ்த்திவிட்டுப் பேருந்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஊர் திரும்பியதும், கரங்காவின் இரவை ஏன் எடுத்தீர்கள், பதினொரு பேருக்கு நான்கே வழிகாட்டிகள் எப்படிப் போதும் என்று ஏற்பாட்டாளருக்கு நீண்ட கடிதம் எழுதினேன். ஏழு நாள் பயணம் தனிக் குழுவாக வருகிறவர்களுக்கு மட்டும்தான் என்று ஒரு வரியில் பதில் வந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு செய்தியும் வந்தது: மராங்கு வழியாக, கூடாரமே தேவையில்லாமல் குடிலில் தங்கி, ஐந்தே நாளில் கிளிமஞ்சாரோ. முதல் இரவு 2,720 மீட்டர், இரண்டாம் இரவு 3,720, மூன்றாம் இரவு 4,720, அன்றே நள்ளிரவில் உச்சிக்குப் புறப்பாடு. செய்தியின் அடியில் ஓர் ஆமைப் படம் போட்டு, ‘போலே போலே’ என்று எழுதியிருந்தார்கள்.