நான் கொடுத்தது முன்பணம்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாக இருந்தேன். எந்தப் புத்தகம், எந்த வாட்ஸ்அப் குழு, என்னை நீக்குவதற்கு முன் அங்கே என்னவெல்லாம் எழுதினார்கள் என்பது இதைப் படிக்கும் பெரும்பாலோருக்குத் தெரியும். ஆகவே பெயர்களைச் சொல்லவில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டி வெளியிட்ட ஒரு தமிழ்ப் படக்கதைப் புத்தகத்தின் குறைகளைச் சொல்லி விளக்கம் கேட்டேன்; குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஆனால், "நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பது அழகில்லை அண்ணா" என்று அங்கே ஒரு தம்பி எழுதியதும், அதற்கு வரிசையாக இதயக்குறிகள் விழுந்ததும் மனதை விட்டு அகலவில்லை. தம்பி, நான் நன்கொடை கொடுக்கவில்லை. இன்ன புத்தகம் தருகிறோம் என்று சொன்னார்கள்; அந்தப் புத்தகத்துக்கு முன்பணம் கொடுத்தேன்.

கிரவுட்ஃபண்டிங் அறிவிப்பில் இருந்தது இதுதான்: 160 பக்கங்கள், கெட்டி அட்டை, 130 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) ஆர்ட் பேப்பர், தையல் பைண்டிங், எட்டு மாதங்களில் கையில் கிடைக்கும். முதல் நாளே 1,200 ரூபாய் அனுப்பினேன். இருபத்தொரு மாதங்கள் கழித்து வந்தது 128 பக்கங்கள், சாதா அட்டை, வெறும் பசை பைண்டிங். தாமதத்தை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. படம் வரைவது நேரம் பிடிக்கும் வேலை என்பது எனக்குத் தெரியும். தையல் எப்போது பசையானது, 32 பக்கங்கள் எப்போது குறைந்தன என்று பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

பைண்டிங்கை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும், தலைப்பைப் பார்ப்பதற்கு முன் அதை நடுவில் விரித்து, உள்மடிப்பில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை நீவிப் பார்ப்பார். பதினாறு பக்கங்களாக மடித்த தாள்களை (பாரம் என்பார்கள்) மடிப்பில் ஊசியேற்றித் தைத்திருந்தால் புத்தகம் படிந்து கொடுக்கும். பசை பைண்டிங்கில் முதுகைச் சீவிவிட்டு ஒட்டுவார்கள். அது முழுதாக விரியாது. ஆர்ட் பேப்பரின் வழவழப்பான பூச்சு பசையை எளிதில் உள்ளே இழுக்காது என்பதால், நாலு முறை அழுத்தி விரித்தால் தாள் கையோடு வந்துவிடும். அச்சில் கழித்த தாள்களைத் தைத்து எனக்குப் படம் வரையும் நோட்டு செய்து கொடுத்தவர் அவர். அந்த நோட்டுகளில் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது; ஒரு தாள்கூட உதிரவில்லை. இந்தப் புத்தகத்தை நான் மூன்றாவது முறை படிக்கும்போதே 66ஆம் பக்கத்துத் தாள் தனியாக வந்துவிட்டது.

அது சாதாரணப் பக்கமும் இல்லை. 66, 67 இரண்டையும் சேர்த்து ஒரே ஓவியம்: நண்பகல் வெயிலில் தூத்துக்குடி உப்பளத்தின் நடுவே கதையில் வரும் பாட்டி நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறாள். முகம் சரியாக நடுவில் இருக்கிறது. புத்தகம் விரியாததால் இடப்பக்கம் ஒரு கண், வலப்பக்கம் ஒரு கண். மூக்கும் வாயும் மடிப்புக்குள் போய்விட்டன. இரவுக் காட்சிகளுக்கு வேறொரு கதி. திரையில் பளிச்சென்று தெரியும் நீலத்தை அச்சின் நான்கு மைகளால் அப்படியே கொண்டுவர முடியாது. படத்தின் கணினிக் கோப்பை அச்சுக்கு மாற்றும்போதே கவனித்துத் திருத்தாவிட்டால் நீலம் ஊதாவாகச் சரியும். நிலா வெளிச்சத்தில் உப்புப் பாத்திகள் வாடிய கத்தரிக்காய் நிறத்தில் கிடக்கின்றன. ஒரே ஒரு முறை சோதனைப் பிரதி எடுத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

கதையைப் பற்றி நான் எழுதிய நல்ல வார்த்தைகளை யாரும் எடுத்துப் பேசவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. முதல் நாற்பது பக்கங்கள் தமிழில் நான் படித்த மிகச் சிறந்த படக்கதைப் பக்கங்களில் சேரும். கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்வதும், பாட்டி வெடித்த பாதங்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பலகையால் உப்பை வாருவதும் வசனமே இல்லாமல் போகின்றன. கடைசி முப்பது பக்கங்களிலோ பேரன் திரும்பி வருவது, நில வழக்கு, மகளின் சாவு என எல்லாம் கட்டங்களுக்குள் அடைத்த எழுத்தாக ஓடுகின்றன. குறைந்த 32 பக்கங்கள் இங்கேதான் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். வசன பலூன்களை அளந்து வரையாததால் எழுத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். ஓரிடத்தில் "போய்க்கொண்டிருக்" ஒரு வரியிலும் "கிறார்கள்" அடுத்த வரியிலும் கிடக்கின்றன. ஒரு சாவு வீட்டுக் காட்சியில் இப்படி உடைந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு யாரால் அழ முடியும்?

"முடிந்தால் நீ ஒரு பக்கம் வரைந்து காட்டு" என்கிறார்கள். என்னால் முடியாது. அதனால்தான் வரையத் தெரிந்தவருக்குப் பணம் கொடுத்தேன். "தமிழில் இப்படி ஒரு முயற்சி வருவதே அரிது, அதையும் கெடுக்காதே" என்பது எனக்கும் வலிக்கிற வாதம், மறுக்க மாட்டேன். ஆனால் தமிழ் வாசகர்களுக்கு முன்கூட்டியே பணம் கட்டிக் காத்திருப்பது புதிதா? முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் காமிக்ஸ் 1984இலும் தொடங்கின. இன்றுவரை அவற்றுக்குச் சந்தா கட்டுகிறவர்கள் நாம். லயன் வெளியிட்ட 'இரத்தப் படலம்' படக்கதைத் தொடரின் 18 பாகங்களும் 2010இல் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக வந்தபோது, வண்ணம் இல்லையே என்று யாரும் ஏமாறவில்லை. கறுப்பு வெள்ளை என்று முன்பே தெரியும். சொன்னது வந்தது.

எளிய படங்களையும் நாங்கள் ஏற்றுக்கொள்வோம். அமெரிக்காவில் ரிச் பர்லூ என்பவர் குச்சி மனிதர்களை வைத்துப் படக்கதை வரைகிறவர். 2012இல் பழைய தொகுப்பை மறுபடி அச்சிட கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 57,750 டாலர் கேட்டார். ஏறத்தாழ 15,000 பேர் சேர்ந்து 12.5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதே ஆண்டு அவருடைய கையில் பலத்த காயம் பட்டு வரைய முடியாமல் போனது. அதை ஆதரவாளர்களிடம் சொன்னார், காத்திருந்தார்கள். அங்கேயே வேறொருவர், பணம் வாங்கி அச்சிட்ட புத்தகத்தின் 127 பிரதிகளை 2014இல் எரித்துக் காட்டினார்; இனி புத்தகத்தைப் பற்றிக் கேட்டு வரும் ஒவ்வொரு மடலுக்கும் இன்னொரு பிரதி எரியும் என்றும் எழுதினார். நம்மவர்கள் அப்படிச் செய்துவிடவில்லை. என்றாலும், கேட்டவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"தனியாகச் சொல்லியிருக்கலாமே, ஏன் பொதுவில்?" என்று கேட்பவர்களுக்கு: மூன்று மடல்கள் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவில், வரைந்த அந்தப் பெண்ணைப் பற்றி அந்தக் குழுவில் ஒருவரும் பேசவில்லை. எனக்குப் போனது 1,200 ரூபாய். அவருக்கு எத்தனை இரவுகள் போயிருக்கும்? குறையைச் சொன்னால் அவர் மனம் புண்படும் என்கிறவர்களில் ஒருவராவது, அவருடைய ஓவியத்தை அந்த மடிப்புக்குள் போட்டது யார் என்று கேட்டிருக்க வேண்டாமா? நிதி திரட்டியபோது மாதிரிக்காக வெளியிட்ட இரட்டைப் பக்கப் படத்தை என் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறேன். நேற்றிரவு பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டியின் மூக்கில் ஒரு சின்ன மூக்குத்தி இருக்கிறது, கீழுதட்டில் உப்புக் காற்றில் வெடித்த ஒரு கோடு இருக்கிறது. என் கையிலுள்ள புத்தகத்தில் இரண்டுமே இல்லை.