துருவக் கடலில் கப்பல்கள் எந்தக் கழிவுநீரையும் விடக்கூடாதா?

"2017-இல் துருவ விதித்தொகுப்பு (துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கான சர்வதேச விதிகள், Polar Code) வந்ததிலிருந்து சொகுசுக் கப்பல்கள் ஆர்க்டிக், அண்டார்டிக் கடல்களில் கழிவுநீரே விட முடியாது" என்று சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். பாதிதான் சரி. முழுத் தடை இருப்பது எண்ணெய்க் கலவைக்கு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

கழிப்பறைக் கழிவுக்கு இருப்பது நிபந்தனைதான். 2017-க்குப் பின் கட்டிய பயணிகள் கப்பல், அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்பு நிலையம் வழியாக, கரையிலிருந்தும் பனியிலிருந்தும் இயன்றவரை தள்ளி அதை வெளியேற்றலாம்.

குளியலறை, சலவை, சமையலறை, கைகழுவும் தொட்டி நீர் இந்த விதிக்குள்ளேயே வராது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் 4-ஆம் இணைப்பில் 'கழிவு' என்பது கழிப்பறை, மருத்துவ அறை, உயிருள்ள விலங்குகள் இருக்கும் இடம் ஆகியவற்றின் வடிகால்தான்; மற்ற நீர் அதோடு கலந்தால் மட்டுமே கணக்கு. தனிக் குழாயில் போகும் ஷாம்பு, சலவைத்தூள், சன்ஸ்கிரீன், அடுப்படிக் கொழுப்புக்கு உலகளாவிய விதி கிடையாது. அலாஸ்கா மாநிலம் தனிச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துவது இதனால்தான்.

சரிபார்க்க: சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தளத்தில் துருவ விதித்தொகுப்பு இலவசம். 2-அ (II-A) பகுதி, 4-ஆம் அத்தியாயத்தைத் திறந்து, குளியல், சலவை நீர் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கான எம்இபிசி (அந்த அமைப்பின் கடல் சுற்றுச்சூழல் பாதுகாப்புக் குழு, MEPC) 227(64) தீர்மானத்தையும் பாருங்கள்: கோலிஃபார்ம் (மலக்கழிவைக் காட்டும் பாக்டீரியா) 100 மி.லி.க்கு 100, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 35 மி.கி. என்று வரம்புகள் இருக்கும். மருந்து எச்சத்துக்கு வரம்பே இல்லை.