கினோவா விலையும் ஆண்டிஸ் மக்களின் சாப்பாடும்

ஒருவர் எழுதியதன் சாரம் இது: தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் விளையும் கினோவா என்ற தானியத்தை வெளிநாட்டினர் வாங்கிக் குவித்ததால் விலை ஏறி, பெரு, பொலிவியா மலைக் கிராமத்தினர் தங்கள் தானியத்தைத் தாங்களே வாங்க முடியாமல் பட்டினி கிடக்கிறார்கள். 2013 வாக்கில் பல செய்திகள் இப்படித்தான் வந்தன, அதனால் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் பெருவைப் பொறுத்தவரை தரவுகள் வேறு சொல்கின்றன.

விலை ஏறியது உண்மை. 2006க்கும் 2013க்கும் இடையில் ஏறக்குறைய மூன்று மடங்கானது. ஆனால் அந்த ஏற்றத்தின் பலன் விளைவித்தவர்களுக்கும் கிடைத்தது. பெருவின் 2004–2014 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் 'வேர்ல்ட் டெவலப்மென்ட்' இதழில் வெளியானது. விலை ஏறியபோது கினோவா வாங்கிச் சாப்பிடும் குடும்பங்களின் நிலைகூட மோசமாகவில்லை, சற்று மேம்பட்டது என்கிறது அது. பெருவின் பூனோ பகுதியில் கினோவாவோடு பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் குழையக் கிண்டும் பெஸ்கே இன்றும் வீட்டுச் சாப்பாடுதான். ஆனால் குடும்பத்தின் மொத்த உணவுச் செலவில் கினோவாவின் பங்கு சிறியது, உருளைக்கிழங்கும் அரிசியும் கூடவே உண்டு.

உண்மையில் அந்த விவசாயிகளுக்கு வலித்தது பிறகு வந்த விலைச் சரிவு. அதைப் பற்றி யாரும் பேசாததுதான் எனக்கு வருத்தம்.

நீங்களே சரிபார்க்கலாம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஃபாவோஸ்டாட் தளத்தில் 'உற்பத்தியாளர் விலை' பகுதிக்குப் போய், பெரு, கினோவா, 2006 முதல் 2016 வரை என்று தேர்ந்தெடுங்கள். ஏற்றமும் இறக்கமும் அப்படியே தெரியும்.