உப்பின பற்றரிக்கு ஊசி குத்தாதேங்கோ

"உப்பின போன் பற்றரியை ஊசியாலை குத்திக் காத்தை விட்டா திரும்பப் பாவிக்கலாம்" எண்டு வட்ஸ்அப்பிலை ஒரு வீடியோ சுத்துது, எங்கட குடும்ப குரூப்பிலையும் மாமா போட்டிருக்கிறார். பிழை. உள்ளுக்கை இருக்கிறது வெறும் காத்தில்லை, பற்றரிக்குள்ளை இருக்கிற எலக்ட்ரோலைட் எண்ட ரசாயனத் திரவம் பழுதாகி வந்த வாயு, பத்தக்கூடியது. உள்ளை நேர், மறை தகடு ரெண்டுக்கும் நடுவிலை பேப்பரை விட மெல்லிசான பிளாஸ்டிக் தாள்தான் கிடக்கு, ஊசி அதைக் கிழிச்சா ஷோர்ட் ஆகி கையிலையே நெருப்புப் பிடிக்கலாம். தப்பினாலும் ஓட்டையாலை ஈரக்காத்துப் போய் அந்தப் பற்றரி சரிவராது. நம்பாட்டி போனோட வந்த புத்தகத்திலை பற்றரிப் பக்கத்தைப் பாருங்கோ, குத்தக்கூடாது, பிரிக்கக்கூடாது எண்டு பொடி எழுத்திலை இருக்கும். உப்பினா சார்ஜ் போடாமல் ஓஃப் பண்ணி, திருத்திற கடையிலை குடுத்து மாத்துங்கோ. அந்த வீடியோவை இனி ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ, மாமாவுக்கு நான் சொல்லிட்டன்.