அசெஸ்மென்ட் முடிந்து ஊருக்கு ரயிலேறிய பிறகு

பகலெல்லாம் சென்னையில் அசெஸ்மென்ட் டே (வேலைக்கு ஆள் எடுக்க ஒரு நாள் முழுக்கப் பல பயிற்சிகள் வைத்துப் பார்ப்பது), ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸோ மன்னை எக்ஸ்பிரஸோ, விடிந்தால் ஊர். இந்த வண்டிகளில் தூங்காமல் வரும் பிள்ளைகள் நிறைய. குரூப் டிஸ்கஷனில் நாக்கு குழறியது, பிரசன்டேஷனில் ஒரு ஸ்லைடு விட்டுப்போனது என்று அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். கவலைப்படுவதில் தப்பில்லை. ஆனால் பெரும்பாலும் மார்க்கே இல்லாத விஷயத்துக்குத்தான் கவலைப்படுகிறார்கள்.

ஒழுங்காக நடத்தும் இடத்தில், அசெஸர், அதாவது உங்களைக் கவனித்து மதிப்பிடுபவர், முதலில் நீங்கள் பேசியதையும் செய்ததையும் மட்டும் குறித்துக்கொள்வார். பயிற்சி முடிந்த பிறகுதான் அந்தக் குறிப்புகளைத் தலைப்பு வாரியாகப் பிரிப்பார்: அடுத்தவரைக் கவனித்தல், திட்டமிடல், முடிவெடுத்தல் என்று. மதிப்பெண் அதற்கும் பிறகு. ஒரே திறமையை இரண்டு மூன்று பயிற்சிகளில் வெவ்வேறு ஆட்கள் பார்ப்பார்கள். கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து ஒப்பிடுவார்கள். 1942-ல் பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கக் கொண்டுவந்த முறையின் வாரிசு இது. நம் ராணுவத்துக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.யில் ஐந்தாம் நாள் கான்ஃபரன்ஸும் அந்த வழிதான். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரே ஒரு மூட்டையில் கைவிட்டுப் பார்த்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று மொத்தக் குவியலையும் ஒதுக்கினால் நமக்கு எவ்வளவு கோபம் வரும்? ஒரு குழறலை வைத்து உங்களை நீங்களே அப்படி ஒதுக்காதீர்கள்.

இன்-ட்ரே பயிற்சியில், அதாவது குவிந்து கிடக்கும் மெயில்களைக் கொடுத்து முடிக்கச் சொல்வதில், எல்லா மெயிலையும் முடிக்கவில்லையா? பெரும்பாலும் முடிக்க முடியாத அளவுக்குத்தான் கொடுப்பார்கள். எதை முதலில் எடுத்தீர்கள், ஏன் என்பதுதான் கணக்கு.

உண்மையில் மார்க் போகும் இடங்கள் வேறு. குழு விவாதத்தில் கடைசிவரை ஒரு எண்ணோ ஒரு முடிவோ சொல்லாமல் தலையாட்டிக்கொண்டே இருப்பது. ரோல்-பிளேயில், அதாவது நடித்துக் காட்டும் பயிற்சியில், கோபமாக வந்த வாடிக்கையாளரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தீர்வை நீட்டுவது. இவை இரண்டையும்விட நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் விடுவது, இன்டர்வியூவில் 'நாங்க'. "நாங்க ப்ராஜெக்ட் பண்ணோம், நாங்க சரிசெஞ்சோம்." பெரியவர்கள் முன்னால் 'நான்' என்று சொன்னால் திமிர் என்று வளர்ந்த பிள்ளைகள், வேறெப்படிப் பேசும்? ஆனால் எதிரே இருப்பவருக்கு உங்கள் பெயரில் எழுத ஒரு வரிகூடக் கிடைக்காது. "டீமில் நாலு பேர், சென்சார் பகுதி என்னுடையது, ரீடிங் தப்பா வந்தது, வயரிங்கை மாத்தினேன்" என்றால் எழுதுவதற்கு நாலு விஷயம் இருக்கிறது.

அதனால் வண்டியிலேயே இருபது நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு பயிற்சியிலும் என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று போனில் எழுதிவிடுங்கள். 'சொதப்பிட்டேன்' என்று எழுதக்கூடாது, சொன்ன வார்த்தையை எழுதுங்கள். இரண்டு நாள் போனால் நடந்தது மறந்து பயம் மட்டும் மிஞ்சும். கூட வந்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போடுங்கள். அங்கே எல்லாருமே 'சூப்பரா பண்ணேன்' பார்ட்டிதான்.

மறுநாள் நன்றி சொல்லி ஒரு மெயில், நாலைந்து வரி போதும். அதில் மன்னிப்பும் விளக்கமும் வேண்டாம். அவர்கள் கவனிக்காத தப்பை நீங்களே எடுத்துக் காட்டியதாகிவிடும். முடிவு சொல்வதாகச் சொன்ன தேதி தாண்டி இரண்டு மூன்று வேலை நாள் கழித்து ஒருமுறை கேட்கலாம். தினமும் ஹெச்.ஆருக்குப் போன் அடிப்பதால் முடிவு சீக்கிரம் வராது. கிடைக்கவில்லை என்று வந்தால், எந்தத் தலைப்பில் குறைந்தது என்று கேளுங்கள். நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பரீட்சித்துவிட்டு இரண்டு வரி பதில் போடாத கம்பெனிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. "என்னாச்சு தம்பி, கெடச்சிருச்சா?" என்று வாசலில் நிறுத்திக் கேட்கும் சித்தப்பாவுக்கு, "பதினஞ்சு நாள் ஆகும்" என்று அம்மாவே பதில் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பாதி பாரம் குறையும்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய உருப்படியான வேலை, பெயரைச் சரிபார்ப்பது. மார்க்ஷீட்டில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் இன்னொரு மாதிரி. இந்த வித்தியாசத்தால் வேலை கிடைத்த பிறகும் வெரிஃபிகேஷன் இழுத்தடிக்கும். ஆதார் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும், இப்போதே போய் வாருங்கள். "செலக்ட் ஆயிட்டீங்க, டெபாசிட் கட்டுங்க" என்று யாராவது கூப்பிட்டால் அது மோசடி. எண்ணை பிளாக் செய்துவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள்.