அஞ்சுக்கு அஞ்சு

சித்தப்பா வீட்டில் ஒரு வாரமாகத் தராசும் கையுமாக இருக்கிறார்கள். தங்கச்சி அடுத்த மாதம் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். 23 கிலோவில் இரண்டு பெட்டி. பருப்புப் பொடி, கொள்ளு, எள்ளுருண்டை, குக்கர், குக்கருக்கு மாற்று கேஸ்கட் என்று ஒவ்வொன்றாக உள்ளே போகிறது, பாதி வெளியே வருகிறது. வருகிற ஒறம்பரையெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் அங்கே படித்துவிட்டு வந்தவன் என்பதால் நேற்று சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் என்ன வெக்கோணும், சொல்லு கண்ணு."

வைக்க ஒன்றும் பாக்கி இல்லை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. வருகிற தபாலைப் பிரித்துப் படிக்க வேண்டும். நான் விளம்பரம் என்று நினைத்து ஓரமாகப் போட்டதெல்லாம் வானொலி, தொலைக்காட்சிக் கட்டண நோட்டீஸ். டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதத்தில் யாருக்கும் பழகிவிடும்.

எனக்கு ஒன்றரை வருடம் ஆனது வேறொரு விஷயத்துக்கு.

நான் போனது 2016 அக்டோபரில், சாக்சனி மாநிலத்தில் ஒரு ஊருக்கு. கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் ஒரு வருடச் செலவை முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்டில் போட்டால்தான் விசா. (இப்போது அது 11,904 யூரோ. மாதம் 992 தான் எடுக்கலாம்.) அப்பாவுக்குக் காங்கேயம் பக்கத்தில் நாலு ஏக்கர் தோட்டம். வங்கியில் கடனுக்கு அந்தப் பத்திரத்தை வாங்கவில்லை. கடன் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் வங்கி சொத்தை எடுக்கிற சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அதனால் வங்கிகள் தோட்டம் என்றாலே தயங்குவார்கள். கடைசியில் அப்புச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தாவின், டவுன் வீட்டுப் பத்திரம் போய் உட்கார்ந்தது. அப்பா, அப்புச்சி என்று இரண்டு வீட்டுப் பாரத்தோடுதான் விமானம் ஏறினேன்.

முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டது. அங்கே மார்க் தலைகீழ். 1.0 தான் முதல் தரம், 4.0 வரைக்கும் பாஸ், 5.0 என்றால் ஃபெயில். ரிசல்ட் வந்த அன்று அப்பா கூப்பிட்டார்.

"எத்தன மார்க்கு கண்ணு?"

"அஞ்சுங்கப்பா."

"எத்தனைக்கு?"

ஒரு நிமிஷம் யோசித்தேன். "அஞ்சுக்குங்கப்பா."

அவ்வளவுதான். மொய் எழுதப் போன கல்யாணத்திலெல்லாம் என் அஞ்சுக்கு அஞ்சு பேசப்பட்டது. செப்டம்பரில் மறுபடி எழுதினேன், மறுபடி அஞ்சு. அங்கே ஒரு பேப்பருக்குப் பெரும்பாலும் மூன்று தடவைதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே முடிந்தது, அதே படிப்பை அந்த நாட்டில் வேறெங்கேயும் தொடர முடியாது. விசாவும் அதில்தான் தொங்குகிறது. நான் தினமும் போனில் "நல்லா இருக்கேங்கப்பா, சாப்டேங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அப்பா வெளியே போயிருந்தார், போனை எடுத்தது ஆத்தா, அப்பாவைப் பெற்றவர். மழை உண்டா என்று சும்மா கேட்டேன். அதற்கு முந்தின வருட வடகிழக்குப் பருவமழை நூறு வருடத்துக்கு மேல் காணாத அளவுக்குப் பொய்த்திருந்தது. அப்பாவைக் கேட்டால் "கொஞ்சம் கம்மிதான், பாத்துக்கலாம்" என்பார். ஆத்தாவுக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது.

"முப்பத்தெட்டு தென்னை மொட்டையா நிக்குது சாமி. உங்கப்பன் லாரில தண்ணி வாங்கி ஊத்தறான், பத்தல. உன்றகிட்ட சொல்லக் கூடாதுன்னான்."

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஆத்தா மரத்தை எண்ணியிருப்பது எனக்குத் தெரிந்தது. என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "ஆத்தா, நான் பெயிலு."

"எத்தன வாட்டி?"

"ரெண்டு."

"செரி. அவன்கிட்ட நாஞ் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?"

நானே சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஆனால் ஒருத்தரிடம் வாய் திறந்த பிறகு இன்னொருத்தரிடம் திறப்பது சுலபம். அன்று ராத்திரியே உடன் தங்கியிருந்த நாமக்கல் அண்ணனிடம் சொன்னேன். திருத்தின பேப்பரைப் போய்ப் பார்த்தாயா என்றுதான் அவர் முதலில் கேட்டார். நம் விடைத்தாளைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு, அதற்கென்று ஒரு நாள் அறிவிப்பார்கள். இரண்டு தடவையும் வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருந்தேன். பழைய வினாத்தாள்கள் துறையின் மாணவர் குழுவிடம் கட்டுக்கட்டாகக் கிடக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். ஒரு வருடமாக இரண்டு தெரு தள்ளி இருந்திருக்கிறது.

2018 பிப்ரவரியில் மூன்றாம் தடவை எழுதினேன். 3.7. பாஸ். அப்பாவைக் கூப்பிட்டு மார்க்கைச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, அஞ்சுலிருந்து கொறைஞ்சு போச்சு?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், "நம்மளுது முப்பத்தெட்டு மரம் போச்சு கண்ணு" என்றார். "தெரியுங்கப்பா" என்றேன்.

நம்ம பக்கத்தில் இது ஒரு வியாதி. சீர், நோம்பி என்றால் ஊருக்கே சொல்வோம், நஷ்டத்தை மட்டும் அடுத்த அறைக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். பிள்ளைகள் அதை இங்கேயே பார்த்துக் கற்றுக்கொண்டுதான் போகிறார்கள். "தெரிஞ்சா அங்க வெசனப்பட்டுப் படிப்பு கெட்டுடும்" என்பார்கள். தெரியாமல் இருந்து நான் படித்த லட்சணத்தைத்தான் மேலே சொன்னேனே. இன்னொன்று, வேலை எப்போது கிடைக்கும், கடன் எப்போது அடையும் என்று படிப்பு தொடங்கும் முன்பே கேட்கிறவர்களைச் சித்தப்பா கொஞ்சம் அடக்கி வைக்கலாம். போனில் பழமை பேச மாடு கன்று போட்டது இருக்கிறது, பக்கத்து வீட்டுச் சண்டை இருக்கிறது.

சித்தப்பா தோட்டத்தில் போன மாதம் போர் போட்டார்கள். 900 அடி, வெறும் புகை. தங்கச்சிக்குத் தெரியாது. கிளம்பும் முன் அவளிடம் அதைச் சொல்லுங்கள் என்றேன், எத்தனை செலவானது என்பதையும் சேர்த்து.

"பாக்கலாம்" என்றார். பெட்டியை மறுபடி தராசில் தூக்கி வைத்தார். இருபத்து நாலரை காட்டியது.